நான்காம் அறை

திங்கட்கிழமை எங்களுக்கு விடுமுறை.
படமெடுக்க ஆள் வருகிறது,
மக்வாலா மட்டும் வந்து கதவைத் திறக்கட்டும் என்றார்கள்.
முக்காலியின் மேல் ஓர் உருண்டைக் கருவி,
தலை முழுக்கக் கண்.
அது சுற்றும்போது அறையில் யாரும் இருக்கக் கூடாதாம்.
என்னிடமும் சொன்னார்கள்தான்.
பதினோரு வருடம் உட்கார் உட்கார் என்றுவிட்டு
ஒருநாள் காலையில் எழுந்திரு என்றால்
முழங்கால் கேட்குமா?

மே மாதம் மிரியான் கூப்பிட்டான்,
போஸ்னானில், கிடங்கின் இரவுப் பணி முடிந்து
வாயில் ரொட்டியோடு.
'அம்மா, உன்னைப் பார்த்தேன்.
நான்காம் அறையில் இடது பக்கம் திரும்பினால் நீ.'

அவன் அனுப்பியதை அழுத்தினேன்.
நான் மெழுகு போட்ட தரையில்
வெள்ளை அம்புகள் முளைத்திருந்தன.
விரலால் தள்ளத் தள்ள
என் சுவர்கள் வழுக்கிக்கொண்டு ஓடின.
அதோ நாற்காலி. அதில் என் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை.
கழுத்துக்கு மேல் ஒரு புகைக்கட்டி.
மனித முகம் என்றால் மறைத்துவிடுமாம் மென்பொருள்.
எதிர்ச்சுவரில் திராட்சை வியாபாரிக்கும் மறைத்திருந்தது,
செத்து நூறு வருடம் ஆனவனுக்கு.
கொலை வழக்கில் சாட்சி சொல்ல வந்த இருவர் போல
எதிரும் புதிருமாக இருந்தோம்.

ஓர் இளம்பெண்ணின் குரல் பேசிக்கொண்டே வந்தது:
'செம்புக் குடத்தோடு பெண். எண்ணெய் வண்ணம்.
வரைந்தவர் பெயர் தெரியவில்லை.'
நல்ல குரல். இருமல் இல்லாத குரல்.
கிழக்குக் காற்று அடிக்கும் நாளில்
அந்தப் பெண் ஆணியில் லேசாக ஆடுவாள்,
பிப்ரவரியில் நாலு மணிக்கு
அவள் மோதிரத்தில் மட்டும் வெயில் வந்து உட்காரும்,
இதையெல்லாம் அதனிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.
என்னிடம் யாரும் கேட்கவில்லை.

பனிக்காலத்தில் என் அறைக்கு வாரம் ஆறு பேர்.
அதில் இருவர் கழிப்பறை தேடி.
திரையின் ஓரத்தில் நாலாயிரத்துச் சொச்சம் என்றிருந்தது.
நாலாயிரம் பேரா? யாருடைய செருப்புச் சேறும் இல்லாமலா?
கொஞ்சம் பொறாமையாக இருந்தது.
யார் மேல் என்று தெரியாமல்
இரண்டு விரல்களால் படத்தை இழுத்தேன்,
மாவை இழுப்பது போல.

குடம் வந்தது.
இன்னும் இழுத்தேன். குடத்தின் வயிறு வந்தது.
வயிற்றில் ஒரு ஜன்னல், நகக்கண் அளவு.
ஜன்னலுக்கு முன்னால், கறுப்பாக,
கையைத் தூக்கியபடி ஓர் ஆள்.

தேநீர் ஆறியது. நான் இன்னும் இழுத்தேன்,
அவன் சதுரம் சதுரமாக உடையும்வரை.
பிறகு பயந்து சேர்த்துவைத்தேன்.
பெயர் தெரியாதவன்.
அவளைப் பார்த்துக்கொண்டு நின்றவன்
அவள் வைத்திருந்த பாத்திரத்தில் அகப்பட்டுக்கொண்டான்.
பதினோரு வருடம் அந்த அறையில்
தனியாக இருக்கிறேன் என்றல்லவா நினைத்தேன்!
எத்தனை முறை அங்கே மூக்கைச் சிந்தியிருக்கிறேன்,
மிரியான் போன வாரம் எப்படி அழுதிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை.
கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றேன், சட்டப்படி.
குடம், வெறும் குடம்.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டேன்.
ஈ எச்சம் போல ஒரு வெள்ளைப் புள்ளி.
குனிந்தேன். இன்னும் கொஞ்சம்.
கயிறு வயிற்றில் அழுத்தியது. இன்னும்

அலறியது மணி.
பள்ளிப் பிள்ளைகளுக்காக அலறும்,
ஒருமுறை ஒரு ஜெர்மன்காரரின் குடைக்காக அலறியது.
ஒவ்வொரு தடவையும் திட்டிக்கொண்டு ஓடியவள் நான்.

மூன்றாம் அறையிலிருந்து த்சியாலா ஓடிவந்தாள்,
கையில் பாதி உரித்த ஆரஞ்சு.
'யார்? யார் தொட்டது?'

நான் நிமிரவில்லை.
கத்தாதே என்றேன்,
உள்ளே ஒருவர் வேலை செய்கிறார்.